கண்வலிக்கிழங்கு லில்லி அல்ல

செடிக்கு எந்தப் பெயர் இருந்தால் என்ன, காய்த்தால் போதாதா என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. "பேரைத் தெரிஞ்சு என்னங்க ஆகப்போகுது, வெலையச் சொல்லுங்க" என்பது கொங்குப் பகுதியில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தாவரவியல் நூலில் உள்ள பெயரைக் கொண்டு களை எடுக்க முடியாது. உரக்கடையில் கடன் வாங்கவும் முடியாது. ஆனால் கண்வலிக்கிழங்கைப் பயிரிடுவோர் அப்படிச் சொல்லிவிட்டு இருக்க முடியாது. அந்தச் செடி எந்தப் பேரினம், எந்தக் குடும்பம் என்பதில்தான் அதன் விலையும் இருக்கிறது. அதன் நஞ்சும் இருக்கிறது.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம், திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர், தாராபுரம், கரூர் மாவட்டத்தில் அரவக்குறிச்சி ஆகிய வட்டாரங்களில் இது பணப்பயிர். ஜெயங்கொண்டம், வேதாரண்யம் பக்கங்களிலும் பயிரிடப்படுகிறது. கிழங்கை நட்டு, கொடியைப் பந்தலில் ஏற்றி, ஐந்து ஆறு மாதங்களில் விதையை அறுவடை செய்கிறார்கள். விதை மருந்துத் தொழிலுக்குப் போகிறது. பெரும்பகுதி வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. இவ்வளவு பணம் போட்டு, இவ்வளவு ஆள்கூலி கொடுத்து விளைவிக்கும் பயிரைப் பல கையேடுகள் இன்றும் "லில்லி குடும்பத்தைச் சேர்ந்த அழகிய பூங்கொடி" என்று இரண்டு வரியில் அறிமுகம் செய்து முடித்துவிடுகின்றன. இந்த அறிமுகம் தவறானது. தவறு என்பதோடு ஆபத்தானதும்கூட.

பல பெயர், ஒரே கொடி

நம் முன்னோர் இந்தக் கொடிக்கு இட்ட பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ. கிழங்கு இரண்டாகக் கவைத்து, ஏர்க் கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையால் கண்வலிக்கிழங்கு. பூவின் நிறத்தால் செங்காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களில் செங்காந்தள்தான் முதலாவது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

சுவீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இதற்குக் குளோரியோசா சூப்பர்பா என்று பெயரிட்டார். முதற்சொல் பேரினத்தின் பெயர். இரண்டாவது சொல் சிற்றினத்தின் பெயர். புகழ் வாய்ந்தது, மிக உயர்ந்தது என்பது பொருள். பூவின் அழகை மட்டுமே புகழும் பெயர் இது. நம் ஊர்ப் பெயராவது "கண் வலிக்கும், எட்டி நில்" என்று ஓர் எச்சரிக்கையைச் சேர்த்துச் சொல்கிறது.

பழைய கூட்டுப் பட்டா

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியச் செடிகளை வகைப்படுத்தியவர்கள் பெந்தம், ஹூக்கர் என்ற இரு தாவரவியலார் வகுத்த முறையையே பின்பற்றினார்கள். 1862 முதல் 1883 வரை வெளிவந்த அவர்களுடைய நூலில் லிலியேசி என்ற குடும்பம் மிகப் பெரியது. பூவில் ஆறு இதழ், ஆறு மகரந்தத் தாள், இதழ்களுக்கு மேலே அமைந்த மூன்று அறைச் சூற்பை என்ற அடையாளம் இருந்தால் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். அப்படிச் சேர்ந்தவற்றில் நம் விவசாயிக்குத் தெரிந்தவை நான்கு: வெங்காயம், சோற்றுக்கற்றாழை, தண்ணீர்விட்டான் கிழங்கு, கண்வலிக்கிழங்கு. நம் கல்லூரிகளில் நீண்ட காலம் பாடமாக இருந்ததும் இந்த முறைதான்.

ஒட்டன்சத்திரம் விவசாயி ஒருவருடைய தோட்டத்தில் ஒரு வயலில் சின்ன வெங்காயமும் அடுத்த வயலில் கண்வலிக்கிழங்கும் இருக்கலாம். ஒன்றை வீட்டில் தினமும் சாம்பாரில் போடுகிறோம். மற்றொன்றில் ஒரு துண்டு சாம்பாரில் விழுந்தால் வீடே மயானமாகிவிடும். இந்த இரண்டையும் ஒரே குடும்பம் என்று சொல்லிக் கொடுத்தால், குடும்பம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போய்விடுகிறது அல்லவா?

இதை நிலத்து வழக்கை வைத்துப் புரிந்துகொள்ளலாம். பாட்டன் காலத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கூட்டுப் பட்டா இருக்கும். எந்த மூலை யாருடையது, எதில் கிணறு, எதில் பாறை என்பது அதில் தெரியாது. பின்னால் நில அளவையர் வந்து அளந்து, உட்பிரிவு செய்து, தனித்தனி எண் கொடுத்தால்தான் உண்மை தெரியும். பழைய லிலியேசி அப்படிப்பட்ட ஒரு கூட்டுப் பட்டா. இருபதாம் நூற்றாண்டில் அதை அளந்து பிரித்தார்கள். டென்மார்க் நாட்டில் பணியாற்றிய டால்கிரெனும் அவருடைய துணைவர்களும் 1985-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெருங்குடும்பம் பல குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டது. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து 1998 முதல் உலகத் தாவரவியலார் குழு வெளியிட்டு வரும் புதிய வகைப்பாடும் இந்தப் பிரிவினையை உறுதி செய்தது.

இப்போதுள்ள கணக்கு இதுதான். வெங்காயம் அமரில்லிடேசி குடும்பம். சோற்றுக்கற்றாழை அஸ்போடெலேசி. தண்ணீர்விட்டான் கிழங்கு அஸ்பராகேசி. கண்வலிக்கிழங்கு கோல்சிகேசி. நான்கும் நான்கு வீடு. பங்காளிகள் என்று நினைத்தவர்கள் தூரத்து உறவினர் என்று தெரிந்துவிட்டது.

சொந்தக்காரர்கள் யார்?

கோல்சிகேசி குடும்பம் தன் பெயரைக் கோல்சிகம் என்ற செடியிலிருந்து பெற்றது. அது ஐரோப்பாவின் புல்வெளிகளில் இலையுதிர்காலத்தில் பூக்கும் சிறு கிழங்குச் செடி. அங்குள்ள கால்நடை வளர்ப்போர் அதைக் கண்டால் அஞ்சுவார்கள். வைக்கோலில் கலந்து உலர்ந்தாலும் மாட்டைக் கொன்றுவிடும். 1820-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் பெல்லத்தியே, கவந்தூ இருவரும் இந்தச் செடியிலிருந்து நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் கோல்சிசின். நம் கண்வலிக்கிழங்கின் விதையில் விலை போவது இந்தப் பொருளும் இதன் இனத்தைச் சேர்ந்த மற்றப் பொருள்களுமே.

கீல்வாதத்தில் ஒரு வகையான கவுட் என்னும் நோய்க்குக் கோல்சிசின் மருந்து. 1937-இல் செடிகளின் இனக்கீற்றுகளை இரட்டிப்பாக்க இது உதவும் என்று கண்டறிந்த பிறகு, பயிர் இனவிருத்தியாளர்களுக்கும் இது கருவியாயிற்று. இன்று சந்தையில் கிடைக்கும் விதையில்லாத் தர்பூசணி அந்தக் கண்டுபிடிப்பின் வழியாக வந்ததே.

ஆக, கண்வலிக்கிழங்கின் சொந்தக்காரன் பூங்கொத்தில் வைக்கும் லில்லி அல்ல. மாட்டைக் கொல்லும் கோல்சிகம். செடியைச் சரியான குடும்பத்தில் வைத்துச் சொன்னாலே, அதனுள் என்ன இருக்கிறது என்பது பாதி தெரிந்துவிடுகிறது. லில்லி என்று சொன்னால் அழகு மட்டும் தெரிகிறது, நஞ்சு மறைந்துவிடுகிறது. வகைப்பாடு படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாததற்கு இதுவே முதற்காரணம்.

வீட்டில் வைத்திருக்கும் நஞ்சு

கண்வலிக்கிழங்கில் வேர், கிழங்கு, இலை, பூ, விதை எல்லாம் நஞ்சு. உலர்த்தினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று எண்ணி அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. இலங்கை மருத்துவர்கள் இத்தகைய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த நஞ்சின் சூழ்ச்சி என்னவென்றால், உடனே காட்டிக்கொள்வதில்லை. தின்ற சில மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும். சாதாரண அஜீரணம் என்று கருதிக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த சில நாட்களில் சிறுநீரகம், இரத்தம், இருதயம் என்று ஒவ்வொன்றாகக் கெட்டுவிடும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமுடி கொட்டிப் போகும். இந்த நஞ்சை முறிக்கும் தனி மருந்து மருத்துவமனைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஆகவே தின்றது தெரிந்த நிமிடமே, வாந்தி வரும் வரை காத்திராமல், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கையோடு அந்தக் கிழங்கின் துண்டையும் எடுத்துச் சென்று "இது கண்வலிக்கிழங்கு, கோல்சிசின் நஞ்சு" என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்திருப்பது அந்த வேளையில் உயிரைக் காக்கும்.

விதைக்கிழங்கைச் சேமிக்கும் காலத்தில்தான் ஆபத்து அதிகம். சிறு விவசாயிக்குத் தனிக் கிட்டங்கி கிடையாது. அடுப்படிக்கு அடுத்த அறையில், வெங்காயமும் சேனைக்கிழங்கும் இருக்கும் அதே மூலையில், மணலில் புதைத்து வைப்பார். குழந்தைகள் நடமாடும் இடம். வெளியூரிலிருந்து வந்த உறவினர் எடுத்துச் சமைக்கக்கூடிய இடம். கிழங்கைப் பூட்டிய இடத்தில்தான் வைக்க வேண்டும். சாக்கின் மேல் சிவப்புச் சாயத்தால் குறி போட வேண்டும். விதை எடுத்த பின் உள்ள தோலையும் காய்ந்த கொடியையும் ஆடு மாடுகள் மேயும் இடத்தில் போடலாகாது. மகரந்தம் சேர்க்கும் பெண்களும் விதை உரிப்பவர்களும் கை கழுவிய பிறகே வெற்றிலை போடவோ சாப்பிடவோ வேண்டும்.

கிழங்கு விற்பவர் சொல்லும் புதுப் பெயர்

இரண்டாவது காரணம் பணம் பற்றியது. குளோரியோசா சிறிய பேரினம். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள சிற்றினங்கள் எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இதற்குள் பெயர்கள் மலிந்து கிடந்தன. இதழின் ஓரம் சுருண்டிருந்தால் ஒரு பெயர், நேராக இருந்தால் வேறு பெயர், மஞ்சளாக இருந்தால் இன்னொரு பெயர் என்று வைத்துக்கொண்டே போனார்கள். பெரிய சிவப்புப் பூவுள்ள ஆப்பிரிக்க வகைக்கு 1903-இல் ரோத்ஸ்சைல்டியானா என்று பெயரிட்டார்கள். கொய்மலர் வணிகத்தில் இன்றும் அந்தப் பெயர் புழங்குகிறது.

1970-களில் இந்தப் பேரினத்தை ஆராய்ந்த ஃபீல்டு என்ற தாவரவியலார், இவற்றில் பெரும்பாலானவை சூப்பர்பா என்ற ஒரே சிற்றினத்தின் பல தோற்றங்களே என்று காட்டினார். ரோத்ஸ்சைல்டியானாவும் அதில் அடங்கிவிட்டது. மறுபுறம், லிட்டோனியா என்று தனியாக வைத்திருந்த ஆப்பிரிக்கப் பேரினத்தை 2007-இல் குளோரியோசாவுடன் சேர்த்தார்கள். ஒரு பக்கம் பெயர் குறைந்தது; மறுபக்கம் வீடு சற்றுப் பெரிதாயிற்று.

இதிலிருந்து விவசாயி அறிய வேண்டியது ஒன்று உண்டு. முதல் ஆண்டுச் செலவில் கனமானது விதைக்கிழங்குச் செலவு. ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான கிலோ கிழங்கு தேவை. அந்த நேரத்தில் யாராவது வந்து, வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொல்லி, இது வேறு இனம், இதில் மருந்துச் சத்து அதிகம் என்று கூடுதல் விலை கேட்டால் மயங்கக்கூடாது. பெயர் வேறாக இருப்பதால் சத்து கூடிவிடாது. வேறு இனம் என்று விற்கப்படுவதும் அதே சூப்பர்பாவாக இருக்கலாம். சத்து கூடுவதும் குறைவதும் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே வகைக்கு வகை, மண்ணுக்கு மண் நடக்கிறது. ஆகவே கேட்க வேண்டியது பெயரை அல்ல. எந்த ஊர்த் தோட்டத்துக் கிழங்கு, எத்தனை ஆண்டாக விதை எடுத்தது, அழுகல் நோய் வந்த நிலமா என்பதைத்தான்.

கிழங்கின் நுனியையும் பார்த்து வாங்க வேண்டும். இந்தச் செடிக்கு முளை கிழங்கின் நுனியில் மட்டுமே உண்டு. உருளைக்கிழங்கைப் போலத் துண்டு போட்டு நட முடியாது. நுனி ஒடிந்த கிழங்கு எடைக்கு ஆகுமே தவிர, முளைக்கு ஆகாது. நட்ட கிழங்கு அழிந்து, அந்த இடத்தில் புதிய கவைக்கிழங்கு உருவாகிறது. நன்றாகக் காய்த்த கொடிகளை அடையாளமிட்டு வைத்து, அவற்றின் கிழங்கையே தனியாக எடுத்துப் பெருக்கினால், சில ஆண்டுகளில் விவசாயி வெளியிலிருந்து வாங்க வேண்டிய தேவையே குறைந்துவிடும். கிழங்கிலிருந்து வருவது தாயின் குணத்தை மாற்றாமல் வரும் என்பதால், இது கைமேல் பலன் தரும் வேலை.

பூச்சிக்குப் புது நூல் தெரியாது

இத்தனை சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்வதுதான் முறை. குடும்பம் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடாது. கண்வலிக்கிழங்கின் இலையை மொட்டையடிக்கும் லில்லிப் புழு இதற்குச் சான்று. கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி கொண்ட இந்தப் புழு, வீட்டு முன் வளர்க்கும் மழை லில்லியையும் விஷமூங்கிலையும் சேர்த்தே தின்கிறது. அவை இப்போது வெங்காயத்தின் குடும்பமான அமரில்லிடேசியைச் சேர்ந்தவை. தாவரவியலார் பாகம் பிரித்துக் கொடுத்த பிறகும் புழு பழைய கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டே மேய்கிறது.

ஆகவே கண்வலிக்கிழங்குத் தோட்டத்தின் வரப்பில் அழகுக்காக அந்தச் செடிகளை வைக்கக்கூடாது. புழுவைச் சிறியதாக இருக்கும்போதே கையால் பொறுக்கி அழித்தால் மருந்துச் செலவு மிஞ்சும். குடும்பப் பெயர் வழிகாட்டிதான். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கும் கண்ணுக்கு அது மாற்றாகிவிடாது.

எடைக்கு விலையா, சத்துக்கு விலையா?

இனி அடுத்த கேள்வி. கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றும் விவசாயிக்குக் கொழுப்புச் சத்தை அளந்து விலை போடுகிறார்கள். தண்ணீர்ப் பாலுக்கும் கெட்டிப் பாலுக்கும் ஒரே விலை இல்லை. கண்வலி விதை வாங்கப்படுவது அதில் உள்ள கோல்சிசினுக்காக. அப்படியிருக்க, எடையையும் ஈரத்தையும் மட்டும் பார்த்து விலை பேசினால், நல்ல சத்துள்ள விதை கொடுத்தவருக்கும் பதர் கலந்து கொடுத்தவருக்கும் ஒரே விலைதானே கிடைக்கும்? வாங்குபவர் தம் ஆய்வுக்கூடத்தில் சத்தை அளந்துகொள்கிறார். விற்பவருக்கு அது தெரிவதில்லை. தன் சரக்கில் என்ன இருக்கிறது என்று அறியாதவன் பேரம் பேச முடியாது.

இந்தப் பூவின் அமைப்பே விவசாயிக்குக் கூலிச் செலவை வைக்கிறது. சூல்தண்டு பூவின் நடுவில் நிமிர்ந்து நில்லாமல், செங்கோணமாக மடங்கி வெளிப்பக்கம் நீண்டுவிடும். மகரந்தம் தானாக அதில் விழுவது அரிது. அதனால் காலை வேளையில் பூப் பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு காய்க்கும் ஒரு கைவேலை உண்டு. இவ்வளவு உழைப்பைப் போட்ட பிறகு, கண்ணை மூடிக்கொண்டு விலையை ஏற்றுக்கொள்வது என்பது ஏற்புடையதல்ல.

செய்ய வேண்டியவை

அரசு வேளாண், தோட்டக்கலைத் துறையினரும் பல்கலைக்கழகத்தாரும் செய்யக்கூடிய காரியங்கள் நான்கு. முதலாவது, பழைய குறிப்பைப் பெயர்த்தெழுதாமல், கண்வலிக்கிழங்கு கோல்சிகேசி குடும்பம், எல்லாப் பாகமும் நஞ்சு என்று கையேட்டின் முதல் வரியிலேயே எழுதுவது. இரண்டாவது, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு சாக்கு விதைக்கிழங்கிலும் ஊர், ஆண்டு, "உண்ணக்கூடாத கிழங்கு" என்ற எச்சரிக்கை ஆகியவை தமிழில் எழுதிய சீட்டு இருக்க வேண்டும் என்று விதி செய்வது. மூன்றாவது, விதை அதிகம் விளையும் வட்டாரங்களில் சத்து ஆய்வுக்கு ஒரு நிலையம் அமைத்து, சிறு கட்டணத்தில் விவசாயிக்கு முடிவைக் கொடுப்பது. நான்காவது, அந்த வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த நஞ்சைப் பற்றிய குறிப்பை ஒட்டி வைப்பது.

விவசாயிகள் தாங்களாகச் செய்யக்கூடியதும் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து விதையை ஒன்றாகக் கொடுத்தால், ஆய்வு முடிவைக் கேட்கும் பலம் வருகிறது. தனியாக இரண்டு மூட்டை வைத்திருப்பவர் கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. சேர்ந்து கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நூலில் உள்ள பெயர் நாளைக்கு மறுபடியும் மாறாதா என்று சிலர் கேட்கலாம். மாறலாம். நிலத்தை மறு அளவை செய்யும்போது எண் மாறுவது போலத்தான் அதுவும். எண் மாறும் என்பதற்காக யாரும் பட்டாவை வேண்டாம் என்று சொல்வதில்லை. புதிய எண்ணை எழுதி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறோம். கண்வலிக்கிழங்கு விவசாயியும் தன் பயிரின் உண்மையான உறவை அவ்வாறே அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். லில்லி என்ற பழைய பெயர் பூவுக்கு வேண்டுமானால் பொருந்தட்டும். சாக்கின் மேலும், கையேட்டின் மேலும், மருத்துவமனைச் சீட்டிலும் அந்தப் பெயர் இனி வேண்டாம்.